மேலே வெயில், கீழே ஈரம்

அண்ணி எதைக் கண்டாலும் அதற்குள் விரலை விடுவாள். பூந்தொட்டி, மாவு டப்பா, தெருவில் கொட்டியிருக்கும் கட்டட மணல், எதுவானாலும் சரி. இரண்டாம் கணு வரை புதைத்து, கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பாள். இருபது வருடமாகப் பார்க்கிறேன்.

விலங்குக் காட்சிசாலையில் பாலைவனப் பல்லிகளின் அறை அவள் பொறுப்பு. அங்கே கூட்டித் துடைப்பது என் வேலை. விளக்குகளின் மஞ்சள் வெளிச்சத்தில் அந்த அறையில் எப்போதும் பிற்பகல்தான். கண்ணாடிக்குப் பின்னால் பல்லிகள் அசையாமல் கிடக்கும். பார்த்துக்கொண்டே நின்றால் கண் சொருகும். யாரோ காணும் கனவுக்குள் நுழைந்துவிட்டது போலிருக்கும்.

முள்வால் பல்லி ஒன்றை அண்ணி மகாராணி என்பாள். ஒரு வருடம் அதற்குத் தோல் சரியாக உரியவில்லை. பழைய தோல் நூல் சுற்றியதுபோல் இறுக்கி, ஒரு விரல் கறுத்து விழுந்தது. அடுத்ததும் கறுக்கத் தொடங்கியது. அண்ணிக்குச் சோறு இறங்கவில்லை.

"பாலைவனத்துப் பிராணிக்கு ஈரமே ஆகாதும்மா. நல்லாக் காய விடுங்க" என்றார் மிருக டாக்டர். அண்ணியும் மணலைச் சலித்துச் சலித்துக் காயவைத்தாள்.

மகாராணி கதவோர மூலையையே தோண்டுவதை நான் கவனித்திருந்தேன். என் வாளியிலிருந்து சிந்தும் தண்ணீர் அந்த மூலைக்கடியில்தான் கசிந்துகொண்டிருந்தது. படித்தவர் சொன்னதற்கு எதிராக நான் என்ன சொல்ல? மூன்று நாள் பேசாமலிருந்தேன். நாலாம் நாள், "அண்ணி, அது ஈரத்தைத் தேடுது" என்றேன்.

அண்ணி அந்த மூலையில் முழங்கை வரை கையை விட்டு, கண்ணை மூடினாள்.

"அடிப்பாவி, இத்தனை நாளா வாய்க்குப் பூட்டா போட்டிருந்தே?"

மேலே தண்ணீர் தெளித்தால் பல்லிக்கு வயிற்றுத் தோலில் புண் வரும். அதனால் களிமண் கலந்த மணலை அழுத்தி, குழாய் ஒன்றை அடிவரை செருகி, அதன் வழியே ஒரு சொம்பு ஊற்றினாள். மேலே மணல் சுட்டது. மகாராணி தோண்டிய வளையின் அடி மட்டும் மழைக்கு மறுநாள் போலக் குளிர்ந்தது.

"கட்டின புருஷன் தண்ணி கேட்டா காதுல விழாது. பல்லிக்குக் குழாயா?" என்றான் அண்ணன்.

"உங்களுக்கும் தோல் உரியட்டும், போட்டுத் தர்றேன்."

பன்னிரண்டாம் நாள் மகாராணி வளையிலிருந்து புதுத் தோலோடு வந்தது. கறுக்கத் தொடங்கியிருந்த விரல் பிழைத்துக்கொண்டது. டாக்டர் வந்து பார்த்தார். அவரும் மணலுக்குள் விரலை விட்டார்.

மகாராணிக்கு இப்போது பத்தொன்பது விரல்கள். வியாழக்கிழமைதோறும் குழாயில் ஒரு சொம்பு தண்ணீர். அண்ணி லீவு போட்டால் நான் ஊற்றுகிறேன்.