எண்பத்து மூன்றில் ஓடிய கணினி

என் பழைய நாட்குறிப்பொன்றில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட ஓர் அட்டவணை இருக்கிறது. தலைப்பு, ‘ரீச்சர் விட்ட பிழைகள்’. இருபத்து மூன்று வரிகள். அவற்றில் ஒன்றுகூட அவர் விட்ட பிழையல்ல.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் பதுளையில் அரச அலுவலகம் ஒன்றில் படவரைஞராக இருந்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்தவன். வார இறுதிகளில், தேயிலைத் தோட்டத்து மக்களுக்கு அடையாள அட்டை விண்ணப்பம் தயாரித்துக் கொடுக்கும் சிறு குழுவொன்றுக்கு உதவினேன். ஒரு மண்டபத்தின் பின்னறைதான் இடம். யாரோ அன்பளிப்பாகக் கொடுத்த கணினி ஒன்று அங்கே இருந்தது. அதற்குப் பொறுப்பு நான். அதில் தட்டச்சுச் செய்தவர், ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் முன்பள்ளி நடத்திய ஆசிரியை. நான் அவரை ‘ரீச்சர்’ என்பேன். முப்பது வயதைக் கடந்தவர். பெயர், பிறந்த திகதி, பிறப்புச் சான்றிதழ் இலக்கம், லயம் என்ற வரிசை வீட்டின் இலக்கம் எல்லாவற்றையும் படிவங்களைப் பார்த்து ஏற்றுவார்.

கணினி மெதுவானது. பட்டியலைத் தோட்டவாரியாக அடுக்க ஐந்து நிமிடம் எடுக்கும். செயலியின் வேகத்தைக் கூட்டும் வழியை ஒரு சஞ்சிகையில் வாசித்தேன். மதர்போர்டில் ஓர் அடிப்படைத் துடிப்பு ஓடுகிறது, அதுதான் பஸ் வேகம். எங்கள் கணினியில் அது அறுபத்தாறு மெகாஹெர்ட்ஸ். செயலி அதை நாலரை மடங்காக்கி முந்நூறில் ஓடும். மதர்போர்டில் உள்ள சின்னச் செருகிகளை இடம் மாற்றினால் அறுபத்தாறை எண்பத்து மூன்றாக்கலாம், நூறாகவும் ஆக்கலாம். நூறு எனக்குப் பேராசையாகத் தெரிந்தது. எண்பத்து மூன்றில் வைத்தேன். நான் எதிலும் நடு வழியில் போகிறவன்.

சூடு ஒன்றுதான் ஆபத்து என்று எண்ணியிருந்தேன். மார்கழிக் குளிர் வேறு. செயலியின் மேலிருந்த அலுமினியத் தகட்டை மணிக்கொரு தடவை தொட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நான்காகியிருந்தது. ‘சூடு இல்லை. திருப்தி’ என்று நாட்குறிப்பில் எழுதினேன். யாரிடமும் சொல்லவில்லை.

“என்னாங்க சார், பொட்டி இன்னைக்கிச் சுறுசுறுப்பா இருக்கு? என்னா குடுத்தீங்க?” என்று ஆசிரியை கேட்டார். கெட்டிக்காரன்போலச் சிரித்துவைத்தேன்.

அடுத்த மாதம் ஹல்துமுல்லைப் பக்கம் நடமாடும் சேவை நடந்தது. அதிகாரிகள் தோட்டத்துக்கே வந்து ஒரே நாளில் பத்திரங்களைப் பார்த்து முடித்துக் கொடுப்பார்கள். எங்கள் விண்ணப்பங்களோடு போனவர்களில் இருபத்து மூன்று பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். விண்ணப்பத்தில் இருந்த இலக்கம் சான்றிதழோடு ஒத்துப்போகவில்லையாம். அட்டை இல்லாத தமிழ்ப் பையன் கொழும்புக்கு வேலைக்குப் போனால் சோதனைச் சாவடியில் என்ன நடக்கும் என்று போர் நடந்த அந்த நாட்களில் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எங்களிடம் வந்தார்கள். அறை நிறைந்திருந்தது. நான் தாள்களை ஆசிரியையின் முன் மேசையில் போட்டேன்.

“ரீச்சர், கண்ணை மூடிக்கொண்டோ அடிச்சனீங்கள்?”

“இல்லீங்க சார். ஒவ்வொன்னையும் ரெண்டு தரம் பாத்தேன்.”

“ரெண்டு தரம் பாத்தும் ஒண்டு அஞ்சாகுமோ? இஞ்ச பாருங்கோ, ஒன்பது இருக்கவேண்டிய இடத்தில சமக்குறி. இதையும் பாத்துத்தான் அடிச்சனீங்களோ?”

“அந்தக் குறி எந்தக் கட்டையில இருக்குன்னே எனக்குத் தெரியாதுங்களே.”

“புள்ளைங்களுக்கு ஒன்னு ரெண்டு சொல்லிக் குடுக்குற டீச்சரம்மாவுக்கே ஒன்னு ரெண்டு மறந்துபோச்சாம்” என்றார் வந்தவர்களில் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பில் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. “தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சால் இப்பிடித்தான்” என்றேன்.

சிரிப்பு நின்றது. அங்கிருந்த அத்தனை பேரும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள். ஆசிரியை தாள்களைப் பொறுக்கி அடுக்கினார். அன்று மாலை நான் அட்டவணையைப் போட்டேன். சரியான இலக்கம் ஒரு பத்தி, பிழையான இலக்கம் ஒரு பத்தி.

அடுத்த சனிக்கிழமை, எப்படிச் செய்வதென்று காட்டுவதற்காக நானே நாற்பது படிவங்களை ஏற்றினேன். கணினியை அணைத்து, மறுபடி போட்டு, அச்செடுத்தேன். மூன்று பிழைகள். ஒன்று ஐந்தாகியிருந்தது, இரண்டு ஆறாகியிருந்தது, சைபர் நான்காகியிருந்தது. எல்லாம் நான்கு கூடுதல். நாட்குறிப்பை எடுத்து என் அட்டவணையைப் பார்த்தேன். வரிக்கு வரி அதே நான்கு. கணினி எழுத்துகளை வைத்திருக்கும் வரிசையில் ஒன்பதுக்கு நான்கு இடம் தள்ளித்தான் சமக்குறி இருக்கிறது. மனித விரல் அப்படி ஒழுங்காகத் தவறாது. பெயர்களிலும் எழுத்து மாறியிருந்தது. தோட்டத்து மக்களின் பெயரைப் பத்திரங்களில் பிழையாக எழுதுவது வழக்கமாகிவிட்டதால் அதை யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

சஞ்சிகையை மறுபடி எடுத்தேன். சூட்டைப் பற்றிய பக்கத்தோடு நான் நிறுத்தியிருந்தேன். மறுபக்கத்தில் இருந்தது விடயம். ஹார்ட் டிஸ்க் இருக்கும் பாதை, அடிப்படைத் துடிப்பில் பாதியை எடுத்துக்கொள்ளும். முப்பத்து மூன்றுக்குச் செய்யப்பட்ட பாதை அது. எண்பத்து மூன்றில் வைத்தால் நாற்பத்தொன்றரையில் ஓடும், எழுதும்போது பிசகும். நூறில் வைத்தாலோ எங்கள் மதர்போர்ட் பாதிக்குப் பதில் மூன்றிலொன்றை எடுக்கும், பாதை பழைய முப்பத்து மூன்றுக்கே வந்துவிடும். என் நிதானம்தான் கெடுத்தது.

ஒரே பட்டியலை நூறு தடவை பிரதியெடுத்து, ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிடும்படி கணினிக்கே சொன்னேன். ஏழு பிரதிகள் வேறுபட்டன. செருகியை அறுபத்தாறுக்கு மாற்றி மறுபடி நூறு. ஒன்றும் வேறுபடவில்லை. ஒரு மாலைநேர வேலை. வேகத்தைக் கூட்டிய அன்றே செய்திருக்க வேண்டியது.

மறுநாள் ஆசிரியையை வாசலில் தனியாக நிறுத்திச் சொன்னேன்.

“அப்ப நான் இல்லீங்களா?”

“இல்லை. நான்தான்.”

“பெரட்டுல வச்சு ஏசுனத பெரட்டுல வச்சுத்தான் சார் மாத்தணும்” என்றார். தோட்டத்தில் காலையில் எல்லோரும் வேலைக்குக் கூடி நிற்பதுதான் பெரட்டு. அங்கே வாங்கிய ஏச்சு அத்தனை லயத்துக்கும் போய்ச் சேர்ந்துவிடும்.

குழுவும் தோட்டத்து மக்களும் கூடும் அடுத்த கூட்டத்துக்காக மூன்று வாக்கியங்களை எழுதிக்கொண்டு போனேன். கணினியில் கோளாறு இருந்தது. அதை உண்டாக்கியவன் நான். ரீச்சரை ஏசியதற்கும் பள்ளிக்கூடத்தைச் சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்கிறேன். எழுந்து நின்று முதலாவதை வாசித்தேன். “திருத்தியாச்சு” என்று சேர்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். பின்வரிசையில் படிவங்களைக் கட்டிக்கொண்டிருந்த ஆசிரியையின் கை நின்றது. பிறகு முடிச்சை இறுக்கியது.

அந்த இருபத்து மூன்று பேரின் விண்ணப்பங்களையும் அவரே மறுபடி அடித்தார். அவர்கள் சுற்றி நிற்க, ஒவ்வோர் இலக்கத்தையும் உரக்க வாசித்து, “சரிதானுங்களா சார்?” என்று கேட்டார். நான் சான்றிதழைப் பார்த்து “சரி” என்றேன். இருபத்து மூன்று தடவை. கடைசித் தாளை என் முன் வைத்தபோது தன்னிடமிருந்த அறைச் சாவியையும் அதன்மேல் வைத்தார். அடுத்த சனிக்கிழமை வரவில்லை.

அவர் ஒவ்வொரு தடவை கேட்டபோதும் நான் சொல்வதற்கு இடைவெளி இருந்தது. மற்ற இரண்டு வாக்கியங்களும் அப்போது என் சட்டைப்பையில்தான் இருந்தன.