கடைசி வரியில் எங்கள் தெரு

திருத்தணி மார்க்கெட்டில் வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக் கோமளா போன் செய்தாள்.

"யக்கா, வரும்போது ஆட்டோல நாலு கேன் தண்ணி போட்டுகினு வந்துடு."

"இன்னாத்துக்குடி அவ்வளோ?"

"தலைவரம்மா போயிட்டாங்க. குளிப்பாட்டணும். லாரி இன்னும் வரல."

வெற்றிலையைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். எங்கள் பேரூராட்சிக்குத் தலைவராக இருந்த எஸ்தரம்மா இறந்த செய்தி எனக்கு இப்படித்தான் வந்தது.

அவருடைய இரங்கல் கூட்டத்தில் ஊர்ப் பெரியவர்கள் நீங்கள் எல்லோரும் நன்றாகப் பேசினீர்கள். நான் மேட்டுத் தெருவில் அவருக்கு எதிர்வீட்டுக்காரி. படித்தது ஐந்தாவதுதான். பேத்தி திருத்தித் தருகிறேன் என்றாள், வேண்டாம் என்றுவிட்டேன். எனக்குத் தெரிந்த எஸ்தரம்மாவை என் கையாலேயே எழுதுகிறேன்.

தலைவராவதற்கு முன் அவர் தையல்காரர். நம் ஊரில் அவர் தைத்த ரவிக்கையைப் போடாத பெண்கள் குறைவு. வருஷத்துக்கு ஒரு முறை, ஊரில் என்ன முடிந்தது, அடுத்து எந்த வேலை முதலில் என்று தலைவர் மன்றத்தில் உரை படிக்க வேண்டும். அதற்கு முந்தின சாயங்காலம், தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நாங்கள் நிற்கிற தெருமுனைக்கு வந்து அதை எங்களுக்குப் படித்துக் காட்டுவார். "நீங்க எந்த வரிக்குச் சிரிக்கிறீங்களோ, அது நாளைக்கு இருக்காது" என்பார். காதில் பென்சில் செருகியிருக்கும்.

முதல் வருஷம், "தெருவிளக்குகள் அனைத்தும் சிறப்பாக எரிகின்றன" என்று படித்தார்.

"பகல்லயாம்மா?" என்றாள் கோமளா.

தெருவே சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே, "ஆபீஸ்ல எழுதிக் குடுத்ததுடி, நான் இன்னா பண்ணுவேன்" என்று பென்சிலை எடுத்து அந்த வரியை அடித்தார்.

அதே உரையில்தான் குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு முதலில் என்பதும் இருந்தது. ஊரிலேயே வறண்டது எங்கள் தெரு. அது கடைசியில் இருந்தது. கோமளா விடவில்லை.

"மேட்ல இருக்கிறவங்களுக்குத்தானேம்மா மொதல்ல வேணும்?"

"நான் குடியிருக்கிற தெருவுக்கு மொதல்ல போட்டுக்கினா, நாளைக்கு எவன் என் பேச்சைக் கேப்பான்? நாம கடைசியில வாங்கிக்கலாம். தண்ணி எங்க ஓடிடப் போவுது?"

எங்களுக்கு அது பெருமையாக இருந்தது. அம்மையார்குப்பத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பந்தியில் உட்கார்ந்து அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். எங்க தலைவரு தன் தெருவையே கடைசியில வெச்சவங்க என்று.

கீழ்த் தெருக்களுக்கு ஒவ்வொன்றாகக் குழாய் போனது. திறப்புக்குப் போய் முதல் கைத் தண்ணீரைக் குடித்துவிட்டு, முந்தானை நனைந்தபடி வீட்டுக்கு வருவார். அந்த முகத்தை நான் வாசலிலிருந்து பார்த்திருக்கிறேன். எங்கள் முறை வந்தபோது, குழாய்களுக்கெல்லாம் தண்ணீர் தருகிற ஆற்றுக் கிணற்றில் தண்ணீர் அடிக்குப் போய்விட்டிருந்தது. கீழ்த் தெருக்காரர்களுக்கே முறை வைத்துத்தான் தண்ணீர் விட்டார்கள். குழாய் மட்டும் வந்தது. அவர் வீட்டு வாசல் குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வைத்து, தேங்காய் உடைத்தோம். கிறிஸ்தவ வீடு என்று அன்றைக்கு யாரும் பார்க்கவில்லை, அவரும் பார்க்கவில்லை. திருகினார். உஸ்ஸென்று காற்று வந்தது.

"ஃபேன் செலவு மிச்சம்மா" என்றாள் கோமளா. அப்போதும் சிரித்தோம். அவர் சிரித்தார், ஆனால் குழாயிலிருந்து கையை எடுக்கவில்லை.

அவருடைய கடைசி உரைக்கு முந்தின சாயங்காலமும் வந்தார். "வரும் ஆண்டில் மேட்டுத் தெருவின் குடிநீரே முதல் வேலை" என்று படித்துவிட்டுப் பென்சிலோடு நின்றார். எங்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னாடி, ஒருத்தியும் சிரிக்கல?"

நாங்கள் குடங்களை முன்னால் நகர்த்தினோம். கோமளாதான், "படிச்சு முடிச்சிட்டீங்களாம்மா? கொஞ்சம் நகருங்க, லாரி வந்துகினு இருக்குது" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் ஓரமாகப் போய்ச் சுவரில் தாளை வைத்து, அந்த வரியைத் தானே அடித்தார். மறுநாள் மன்றத்தில் படித்த உரையில் எங்கள் தெருவின் பெயர் இல்லை. கடைசியிலும் இல்லை. பதவி முடிந்த பிறகு எங்களோடு குடம் வைத்து வரிசையில் நின்றார். யாராவது முன்னால் விட்டால் போக மாட்டார்.

கேன் தண்ணீரில்தான் அவரைக் குளிப்பாட்டினோம். நான் ஊற்றினேன், கோமளா தேய்த்தாள். கீழ்த் தெருக்காரர்கள் கூட்டமாக மாலையோடு வந்தார்கள். ஒரு குடம் தண்ணீர் கொண்டுவர வேண்டும் என்று அவர்களில் யாருக்கும் தோன்றவில்லை. கேட்டு வாங்க எங்களுக்கும் தோன்றவில்லை. வைக்க இடமில்லாமல் வாசல் குழாயில் யாரோ ஒரு மாலையை மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். அது காய்ந்து உதிரும் வரை அங்கேயே கிடந்தது.

போன வாரம், இப்போதைய தலைவர் படித்த இந்த வருஷத்து உரை எல்லோருடைய போனிலும் வந்தது. எங்கள் தெருவின் பெயர் முதலில் இருக்கிறது. கோமளா பாதியில் நிறுத்திவிட்டுக் குடத்தை எடுத்துக்கொண்டு போனாள். நான் முழுவதும் கேட்டேன். எனக்கும் சிரிப்பு வரவில்லை.

நாங்கள் சிரித்த வரைக்கும் அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டிருந்தோம். அது அவருக்குத் தெரியும். எஸ்தரம்மாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, பென்சிலைக் கையில் வைத்துக்கொண்டு அவர் கேட்ட அந்தக் கேள்விதான். அன்றைக்கு ஒரு சிரிப்பு சிரித்திருக்கலாம். வரவில்லை.