என் வண்டியின் பின்சீட்டு

என் வண்டிக்கு இப்போது நாலு வயது. முதல் இரண்டரை வருடம் அதை நான் ஓட்டினேன். அதற்குப் பிறகு அதன் பின்சீட்டில் உட்கார்ந்து போய்க்கொண்டிருக்கிறேன். ஆர்.சி. புத்தகத்தில் இன்றைக்கும் என் பெயர்தான் இருக்கிறது.

எனக்கு இடதுகால் சூம்பிப்போனது இரண்டு வயதில். போலியோ. இதைக் கேட்டதும் ‘அச்சச்சோ’ சொல்ல வாய் திறப்பவர்கள் தயவுசெய்து மூடிக்கொள்ளலாம். நாற்பத்தெட்டு வருடமாகக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கக்கத்தில் ஓர் ஊன்றுகோலோடு நடப்பேன். நாகர்கோவிலில் ஓர் அச்சகத்தில் கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பக்கம் அமைப்பது என் வேலை. யார் வீட்டில் கல்யாணம், எந்தச் சபையில் கன்வென்ஷன், எந்த அய்யாவழிப் பதியில் திருவிழா, யார் செத்துப்போனார் என்பதெல்லாம் ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். வீடு கொட்டாரத்துக்குப் பக்கம். அம்மா, தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய மகள், நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

வண்டி வருவதற்கு முன்னால் பதினாலு வருடம் தம்பியின் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போனேன். அவனுக்குப் பலசரக்குக் கடைகளில் பிஸ்கட், சோப்பு ஆர்டர் எடுக்கிற லைன் வேலை. பின்னால் போகிறவனுக்குச் சொந்தமாக நேரம் கிடையாது. அவன் சீக்கிரம் குளித்தால் எனக்கு எட்டரை மணி, பெண்டாட்டியோடு சண்டை போட்டால் ஒன்பதேகால். ஊன்றுகோலை மடியில் குறுக்காக வைத்துக்கொள்வேன். எதிரே வருகிறவன் மேல் இடித்துவிடுமோ என்று வழி முழுக்க அதையே பார்த்துக்கொண்டு வர வேண்டும். சாயங்காலம் அச்சகத்தைப் பூட்டிய பிறகு ஷட்டருக்கு முன்னால் நிற்பேன். போனில், “பத்து நிமிஷம்ணே, இன்னா வந்தாச்சு” என்பான். அந்தப் பத்து நிமிடத்தில் இரண்டு டீ குடித்து முடிக்கலாம். ஆனால் வந்துவிடுவான், ஒரு நாளும் வராமல் இருந்ததில்லை. எனக்கு எரிச்சலே அதில்தான். வராமல் இருந்தால் திட்டவாவது செய்யலாம்.

பிறகு அரசாங்க ஸ்கூட்டர் வந்தது. ‘இணைப்புச் சக்கரம் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்’ என்று மனுவில் எழுத வேண்டும். பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு சின்னச் சக்கரம் இருக்கும். ஊரில் எல்லோரும் சைடு வீல் என்பார்கள். காலை ஊன்றாமலே வண்டி நிற்கும். மூன்று தடவை மனுக் கொடுத்து, நாலாவது தடவை கிடைத்தது. எங்களைப் பத்து மணிக்கே வெயிலில் வரிசையாக உட்கார வைத்தார்கள், கொடுக்கிறவர் ஒரு மணிக்கு வந்தார். ஒவ்வொருவர் தோளிலும் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். என் தோளில் கை வைத்தபோது அவர் பார்வை கேமராவில் இருந்தது. இருக்கட்டும், எனக்கும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. சாவியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூட மைதானத்தில் ஒரு வாரம் பழகினேன். எங்கள் வீட்டு வாசலில் சிமெண்ட் சரிவு ஒன்று உண்டு. வண்டி அதில் இறங்கும்போது சைடு வீல்கள் கடகடவென்று அடிக்கும். தகர டப்பாவை உருட்டுகிற சத்தம் அது, எனக்கு நல்ல சங்கீதமாகக் கேட்டது. அம்மா சமையலறையிலிருந்து, “எறங்கியாச்சா?” என்பாள். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை, தெருவுக்கே தெரியும்.

லைசென்ஸ் வந்த மறுவாரம் ஒரு சனிக்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பேச்சிப்பாறைக்குப் போனேன். மற்றவர்களுக்கு ஒன்றரை மணி நேரம், எனக்கு இரண்டரை ஆயிற்று. அணைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் கிழங்கும் மீன்கறியும் தின்றேன். வண்டியை மரத்தடியில் நிறுத்தி, அதன் மேலேயே உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்தேன். ஒன்றும் பெரிதாகத் தோன்றவில்லை. யாரும் என்னைக் கூட்டி வரவில்லை, யாரும் கூட்டிப் போக வர வேண்டியதும் இல்லை. வீட்டுக்கு வரும்போது நாலு மணி. அம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள்.

“எங்க மக்கா போன?”

“பேச்சிப்பாறைக்கு.”

“பேச்சிப்பாறையில உனக்கு என்ன சோலி?”

“சோலி ஒண்ணும் இல்ல. சும்மாதான்.”

“சும்மாவா?” என்றாள். காசைத் தொலைத்துவிட்டு வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். என்னைப் போன்றவன் ஆஸ்பத்திரிக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம், சபைக்குப் போகலாம். சும்மா போகக் கூடாது. அதற்கெல்லாம் நல்ல கால் இருக்க வேண்டும் என்று எங்கேயோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் போனேன். இரண்டரை வருடம், சனிக்கிழமை தோறும், எங்கெங்கேயோ போனேன். சபையில் என் காலுக்காகக் கண்ணை மூடி உருகி ஜெபிக்கிற ஓர் அக்கா இருந்தார். நான் கேட்டதே கிடையாது. ஜெபம் முடிந்த கையோடு, “தம்பி, போற வழியில என்னைய ஜங்ஷன்ல விட்டுட்டுப் போறியா?” என்று ஏறி உட்கார்ந்துகொள்வார். அவரைக்கூடச் சந்தோஷமாகக் கொண்டு விட்டேன். அப்படிப்பட்ட காலம் அது.

பிறகு ஒருநாள் குளியலறையில் வழுக்கி விழுந்தேன். நல்ல காலின் தொடை எலும்பு இரண்டாகப் போயிற்று. நெய்யூர் ஆஸ்பத்திரியில் பிளேட் வைத்தார்கள். மூன்று வாரம் அங்கே, அதற்குப் பிறகு மூன்று மாதம் வீட்டில் முன்னறைக் கட்டிலில். அந்த மூன்று மாதமும் தம்பிதான் என்னைத் தூக்கிக் கொண்டுபோய்க் கக்கூசில் உட்கார வைத்தான், கழுவினான், திரும்பக் கொண்டுவந்து படுக்க வைத்தான். முகம் சுளிக்கவில்லை. இதை நான் எழுதத்தான் வேண்டும். இதை விட்டுவிட்டால் மீதியைச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரத்திலேயே கேட்டான். “அண்ணே, உன் வண்டி சும்மா கெடந்தா பேட்டரி போயிரும், கேட்டியா. டெய்லி ஒரு ஓட்டம் ஓட்டி வைக்கட்டா?”

நியாயம்தான் என்று சாவியைக் கொடுத்தேன். அவனுடைய மோட்டார் சைக்கிள் அப்போது என்ஜின் அடைத்து வொர்க்‌ஷாப்பில் கிடந்தது. பேட்டரிக்காக ஓட்டியவன் இரண்டே நாளில் லைனுக்கே அதில் போகத் தொடங்கினான். கட்டிலில் படுத்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பேன். காலையில் கடகட, இறங்கிவிட்டது. சாயங்காலம் கடகட, ஏறிவிட்டது. நான் ஓட்டாவிட்டாலும் அது என் வண்டி என்று அந்தச் சத்தம் சொல்லிக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலையில் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. ரேஸ் பண்ணுகிற சத்தம் கேட்டது. கடகட வரவில்லை. வண்டி வழுக்கிக்கொண்டு இறங்கி, தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டுப் போய்விட்டது.

அம்மாவைக் கூப்பிட்டேன். “சைடு வீல் எங்க?”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டாள். “நேத்து கழட்டுனான் மக்கா. அத வச்சுக்கிட்டு சந்துல திருப்ப முடியலியாம்.”

“எனக்க கிட்ட ஒரு வார்த்த கேக்காண்டாமா?”

“நீ இப்ப எங்க போவப்போற? கட்டில்ல கெடக்கவன்தானே. உனக்கு எங்க மக்கா போவணும்?”

அம்மா இதைக் கோபமாகச் சொல்லவில்லை. தலையணையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். அன்றைக்கு மத்தியானம் சாப்பிடவில்லை. மருந்து ஒத்துக்கொள்ளவில்லை போல என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டார்கள்.

சாயங்காலம் தம்பி என்னைத் தூக்கும்போது கேட்டேன். சந்து, மைலேஜ், பள்ளத்தில் விழுந்தால் தூக்கிப்போடுகிறது என்று வரிசையாகச் சொன்னான். கடைசியில்தான் உண்மை வந்தது.

“ஆட்கள் ஒரு மாதிரி பாக்காவண்ணே. பெட்ரோல் பங்க்ல ஒருத்தன், அண்ணாச்சி நீங்க எறங்காண்டாம், நான் வந்து அடிக்கேன்னு சொல்லுகான். ஒரு கடையில கஸ்டமர் எந்திரிச்சு சேர் தாறான். எனக்கு அங்கேயே நாக்க புடுங்கிட்டு சாவலாம்னு இருந்து.”

ஒரே மாதம். அதற்குள் என் தம்பிக்குத் தாங்கவில்லை. என்னைத் தூக்கிக்கொண்டிருக்கிறபோதே இதைச் சொன்னான். அவன் கழுத்தில் என் கை இருந்தது. அவன் கால்கள் இரண்டும் எவ்வளவு உறுதியாக நடக்கின்றன என்று நினைத்துக்கொண்டேன். கக்கூசுக்குப் போகிற வழியில் சண்டை போட முடியாது.

எழுந்து நடக்க ஆரம்பித்ததும் முதல் வேலையாகச் சக்கரங்களைத் தேடினேன். கிணற்றுக்குப் பின்னால் கிடந்தன. ஒரு சக்கரத்தின் மேல் கோழி உட்கார்ந்திருந்தது. கடல் உப்புக் காற்றில் போல்ட்டுகள் துருப்பிடித்துக் கழன்று வராததால், மெக்கானிக் பிடிமானக் கம்பிகளைக் கேஸ் கட்டர் வைத்து அறுத்திருக்கிறான். பழையதை மாட்ட முடியாது, புதிய செட் வாங்கிப் பொருத்த வேண்டும். நாகர்கோவிலில் பொருத்துகிறவரிடம் போனில் பேசினேன். வண்டியை இரண்டு நாள் விட்டால் போதும் என்றார்.

“ரெண்டு நாள் வண்டி இல்லாம நான் எப்பிடிண்ணே லைனுக்குப் போவேன்? அடுத்த மாசம் பாப்போம்” என்றான் தம்பி. மோட்டார் சைக்கிள் வந்த விலைக்குப் போயிருந்தது. நானே கொண்டு போகலாம் என்றால், இரண்டு சக்கரத்தில் நிற்கிற அந்த வண்டியில் நான் ஏறினால் அதோடு சேர்ந்து விழுவேன். என் வண்டியைப் பொருத்துகிறவரிடம் கொண்டு போவதற்கு அவன் வேண்டும். சாவியும் அவன் பாக்கெட்டில்தான். “நான்தான் இருக்கேம்லா. கொண்டு விடுகேன், கூட்டிட்டு வாறேன். உனக்கு என்ன கொற?” என்றான்.

அப்படியாக, பழைய ஒன்பதேகால் மணிக்கே திரும்பிப் போனேன். ஊன்றுகோல் மடியில் குறுக்காக, பார்வை எதிரே வருகிறவன் மேல். வண்டி மட்டும் மாறியிருந்தது. அடுத்த மாதம் வந்தது, அதற்கடுத்ததும் வந்தது.

போன மாசியில் ஒருநாள் சுசீந்திரம் தாண்டி போலீஸ் நிறுத்தியது. தம்பி ஹெல்மெட் போடவில்லை. இறங்குவதற்கு முன்னாலேயே பேச ஆரம்பித்துவிட்டான். “சார், அண்ணன் நடக்க முடியாதவரு. அவசரமா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறேன் சார்.”

போலீஸ்காரர் என் ஊன்றுகோலைப் பார்த்தார். ஆர்.சி.யை வாங்கிப் பார்த்தார். வண்டியின் பின்பக்கத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டார்: “வண்டி உங்க பேர்லதானே இருக்கு? சைடு வீல் எங்கேங்க?”

அத்தனை மாதத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்ட முதல் ஆள் அவர்தான். கழற்றியவன் இவன் சார், எனக்குத் தெரியாமல் கழற்றினான், நான் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை, வேலைக்குப் போகிறேன். இவ்வளவுதான் சொல்ல வேண்டும். வண்டியைப் பிடித்து வைத்திருப்பார்கள். சக்கரம் மாட்டாமல் வெளியே விட்டிருக்க மாட்டார்கள். தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்த முகம் கட்டிலுக்கு மேல் குனிந்து, “அண்ணே, கைய கழுத்துல போடு” என்று சொல்கிற அதே முகம்.

“ரிப்பேருக்குக் குடுத்திருக்கு சார்” என்றேன்.

விட்டுவிட்டார். “பாத்து மெதுவா கூட்டிட்டுப் போப்பா” என்று தம்பியிடம் வேறு சொன்னார். கொஞ்சதூரம் போனதும் தம்பி சிரித்தான். “நல்ல வேள நீ பின்னால இருந்த. இல்லைன்னா ஆயிரம் ரூவாய தீட்டியிருப்பான்.” நான் தலையைத் திருப்பி வயல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தேன். என் வாயால் நானே எனக்கு வைத்த ஆப்பு அது. அவனைத் திட்ட இனி என்ன பாத்தியதை இருக்கிறது?

அதற்குப் பிறகு தம்பிக்கு என் மேல் பாசம் கூடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில்தான் ரோட்டில் செக்கிங் அதிகம். போன ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து நான் படுத்திருந்தேன். அவனுக்கு நாகர்கோவிலில் ஒரு நண்பனைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. ஹெல்மெட் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. வாசலில் நின்று கூப்பிட்டான்.

“அண்ணே, வாறியா? ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்.”

“எதுக்கு?”

“சும்மாதான்.”

அம்மா சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தாள். அவள் முகத்தில் அவ்வளவு சந்தோஷம். “போயிட்டு வா மக்கா. அடைஞ்சே கெடக்காத. பாத்தியா, உன் தம்பி உன்ன எப்பிடி பாத்துக்கிடுகான்னு.”

வரவில்லை என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் ஊன்றுகோல் கக்கத்துக்கு வந்துவிட்டது. ஏறி உட்கார்ந்தேன். சிமெண்ட் சரிவில் வண்டி சத்தமே இல்லாமல் இறங்கியது. கொட்டாரம் தாண்டி வயல்கள் வந்ததும் காற்று முகத்தில் அடித்தது. அவனைத் திட்டுவதற்காக மனதில் வரிசைப்படுத்தி வைத்திருந்த வார்த்தைகளெல்லாம் ஒவ்வொன்றாகப் போய்விட்டன. நன்றாக இருந்தது அந்தக் காற்று. அதற்காக என்னை நான் இன்னும் மன்னிக்கவில்லை.