அக்காவின் சனிக்கிழமைப் பானை

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. அதனால் அக்காவின் முதலாண்டு நினைவு நாளுக்கு வந்திருக்கும் உறவினர்களிடம் சொல்ல வேண்டியதை, தங்கையாகிய நான் எழுதிக் கையில் கொடுக்கிறேன். இனிப்பாக இருக்காது.

அக்கா கொல்லிமலையில், எங்கள் மிளகுத் தோட்டத்து வீட்டில் பிறந்தார். மணமான சில ஆண்டுகளில் மாமா லாரி விபத்தில் போய்விட்டார். பிள்ளை இல்லை என்று புகுந்த வீடு திருப்பி அனுப்பியது. சொந்தம் ஒரு வேளைச் சோறு போடவில்லை. நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை பழகி, இஸ்ரேலுக்குப் போய், படுக்கையில் கிடந்த ஒரு யூத அம்மாவைப் பல ஆண்டுகள் கவனித்தார். அந்த உழைப்பில் போட்ட கூரைக்குக் கீழேதான் இப்போது உட்கார்ந்திருக்கிறீர்கள்.

அந்த அம்மா இறந்தபின் திரும்பி வந்தவர், அந்த வீட்டுச் சமையலையும் கொண்டுவந்தார். ஓய்வு நாள் என்பதால் யூதர்கள் சனிக்கிழமை அடுப்பு பற்றவைப்பதில்லை. வெள்ளி மாலையே கறி, பயறு, கிழங்கு, தானியம் எல்லாவற்றையும் ஒரே பானையில் போட்டுத் தணலில் விட்டு, மறுநாள் மதியம் திறப்பார்கள். அக்கா வெள்ளாட்டுக்கறியும் மொச்சையும் உருளைக்கிழங்கும் நம் சாமையும் போட்டுச் செய்வார். மூடியைத் திறந்தால் சாமை குழைந்து, கறி எலும்பை விட்டுக் கழன்றிருக்கும்.

"ஏக்கா, வாராவாரம் இதேதானா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க போன புதுசுல குளுருல அழுதுக்கிட்டே கெடந்தேன் கண்ணு. அந்தம்மா இதத்தான் ஆக்கச் சொல்லி, எனக்கு மொதல்ல போடச் சொன்னாங்க. தின்னுட்டுத்தான் தூங்குனேன்," என்றார்.

அவர்கள் வழக்கத்தில் பாலும் கறியும் சேராது. பாத்திரமும் தனித்தனி. அக்காவுக்கு அது கையோடு வந்துவிட்டது. ஒருநாள் பெரியப்பா வந்தார். காப்பிக்காக அவரே ஒரு சொம்பை எடுத்தார். அது கறிப் பாத்திரங்களோடு இருந்தது.

"பெரியப்பா, அது வேண்டாங்க. வேற சொம்புல தாரேன்."

"ஏம்புள்ள, நாங்க தொட்டா தீட்டா? எங்களுக்குன்னு தனிச் சொம்பு வெச்சிருக்கிறயா?"

"ஐயோ, இல்லீங்க. அது கறிக்குங்க, இது பாலுக்குங்க."

"சீமையில மூத்திரத்துணி தொவைச்சவளுக்கு ஊட்ல ரெண்டு சொம்பு கேக்குதா!"

அந்தச் சொல்லை மாற்றாமல் எழுதியிருக்கிறேன். அன்றிலிருந்து பங்காளிகள் யாரும் இந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. மதம் மாறிவிட்டாள் என்றார்கள். சனிக்கிழமைப் பானையில் செய்வினை வைக்கிறாள் என்றார்கள். திருநீறு பூசாமல் அக்கா வாசலைத் தாண்டியதில்லை. அது யார் கண்ணிலும் படவில்லை.

கடைசியில் வயிற்றில் கட்டி வந்து, எதுவும் இறங்காமல் போனது. அந்தப் பானையின் சாற்றை மட்டும் கரண்டியால் குடித்தார். அப்போதும் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. கருமாதிக்கு மட்டும் எல்லோரும் வந்தீர்கள்.

இறந்தவர் விரும்பிச் சாப்பிட்டதைப் படைப்பது நம் வழக்கம். நான் பானையைக் கொண்டுவந்தேன். "அந்நிய சாமி சோத்த எலையில வெச்சா எந்திரிச்சுப் போயிருவோம்," என்று பெரியப்பா தடுத்தார். பானையைத் திரும்ப உள்ளே கொண்டுபோய் வைத்தேன். பிறகு நீங்களே படைத்தீர்கள். கறிக்குழம்புக்குப் பக்கத்திலேயே பால் பாயசத்தை ஊற்றினீர்கள். அக்கா கையால் தொடாத சேர்க்கை அது. அவருடைய படையலில் அவருக்குச் சாப்பிட ஒன்றும் இல்லை.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் குறைவு. சனிக்கிழமைகளில் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்ட, கீழ்நாட்டுச் சமவெளியிலிருந்து மலையேறி வேலைக்கு வந்த நர்சம்மாவுக்கு நன்றி. ஆஸ்பத்திரிக்குப் போகையில், மலையடிவாரத்துக் காரவள்ளி வரை ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி, அக்காவை வாந்தியெடுக்க விட்டுக் கூட்டிப்போன ஜீப்காரத் தம்பிக்கு நன்றி. பெரியப்பா குடும்பத்துக்கு நன்றி சொல்ல யோசித்துப் பார்த்தேன், எதுவும் அகப்படவில்லை.

நினைவு நாள் சனிக்கிழமையில் வந்திருக்கிறது. இதை நீங்கள் படிக்கும்போது பானை தணலில் இருக்கும். இலையில் முதலில் அதுதான் விழும். பால் பாயசம் இல்லை. எழுந்து போகிறவர்களுக்காக வாசல் கதவைத் திறந்தே வைக்கிறேன்.