அறுத்துப் போட்ட எட்டு போல்ட்

லிக்காண்டோ நல்ல மனுஷர். ஒரே ஒரு குறை: ஓடுகிற வண்டியை அவரால் சும்மா விடமுடியாது. கலாபோ என்ற ஊரில் ஒரு நிவாரண அலுவலகத்துக்கு இருபத்திரண்டு வருஷம் டிரைவராக இருந்தவர். அவர்கள் கழித்துவிட்ட பெரிய லேண்ட் குரூசரை ஏலத்தில் எடுத்து வீட்டு மாமரத்தடியில் நிறுத்தினார். அன்றிலிருந்து ஊர்க்காரர்கள் பார்த்ததெல்லாம் அவருடைய காலைத்தான். மீதி ஆள் வண்டிக்கு அடியில் இருப்பார்.

"குடித்தனத்தையே அங்க மாத்திக்கங்க. சாப்பாட்ட வேணா காலால தள்ளிவிடுறேன்" என்பாள் மனைவி நசிலேலே.

என்ஜினைப் பிரித்துக் கோத்தார். தண்ணீரில் போனால் மூச்சு முட்டாமலிருக்க, கூரை வரைக்கும் காற்றுக்குழாய் ஏற்றினார். வண்டி யானை மாதிரி இருந்தது. அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினாரா?

அந்த வருஷம் வெள்ளம் வழக்கத்துக்கு முன்னாலேயே ஊரைச் சுற்றிய சமவெளியில் ஏறிவிட்டது. மகள் மொண்டே தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் தாமதிக்காமல் தண்ணீருக்கு அக்கரையில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். நாள் இன்னும் மூன்று வாரம் கிடந்தது.

"வண்டி நாலு விரல் உசந்தா எந்தத் தண்ணியும் தாண்டிரும்" என்றார் லிக்காண்டோ. நாலு சக்கரத்துக்கும் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை கூடச் சேர்த்தால் போதும். பட்டைகளை அச்சோடு இறுக்குகிற போல்ட்டுகள்தான் நீளம் பத்தாது. மோங்கு டவுனில் இருந்த லேத்துக்காரரிடம் எட்டு போல்ட் செய்யச் சொன்னார். வெள்ளிக்கிழமைப் படகில் வரும் என்றார்கள்.

செவ்வாய்க்கிழமையே மரக்கட்டைகளில் வண்டியைத் தூக்கி நிறுத்தி, துருவேறிய பழைய எட்டையும் ரம்பத்தால் அறுத்துத் தள்ளி, கூடுதல் பட்டையையும் சேர்த்து வைத்தார்.

"புதுசு கைக்கு வந்தப்புறம் அறுக்கக்கூடாதாய்யா?" என்று கேட்டான் பக்கத்து வீட்டு சிமசிக்கு.

"துருப்பிடிச்சத வச்சு என்ன பண்ண? படம் மாட்டவா?"

புதன்கிழமை விடியும்போது மொண்டேக்கு வலி எடுத்துவிட்டது.

ஆஸ்பத்திரி வண்டி நாலு நாளாக எங்கோ சேற்றில் புதைந்து கிடந்தது. தோணியில் கம்பு ஊன்றிப் போனால் முழுப் பகல் ஆகும். லிக்காண்டோவும் சிமசிக்குவும் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் எலும்புக்கூடாய்க் கிடந்த அதே ஜாதி வண்டிக்கு ஓடினார்கள். அதிலிருந்த போல்ட்டுகளும் துருதான். எண்ணெய் விட்டு, நெருப்புக் காட்டி, சுத்தியலால் அடித்து எட்டையும் கழற்றுவதற்குள் லிக்காண்டோவின் உள்ளங்கை கிழிந்துவிட்டது. அந்த போல்ட்டுக்கும் நீளம் பத்தாது என்பதால், சேர்த்த பட்டையை எடுத்துப் போட்டுவிட்டு, பழைய உயரத்துக்கே வண்டியைக் கோத்தார்.

மாமர நிழலில் பாயில் கிடந்த மொண்டே, சுத்தியல் சத்தம் நிற்கும்போதெல்லாம் கேட்டாள்.

"அப்பா, ஆச்சா?"

"இதோ ஆச்சும்மா. ஆச்சு."

அடப்பாவி மனுஷா! சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தது போதாதா, இப்போது இந்தப் பொய்யும் வேண்டுமா? வண்டி புறப்பட உச்சிவெயில் ஆகிவிட்டது. பெற்ற தகப்பன் என்று அந்த மனுஷரைப் பார்த்துப் பரிதாபப்படவும் முடியவில்லை, படாமலிருக்கவும் முடியவில்லை.

ஓடியதென்னவோ பிரமாதமாகத்தான் ஓடியது. பானெட்டை மூடிப் போன தண்ணீரில்கூட ஒரு இருமல் இல்லை. ஆஸ்பத்திரியில் மொண்டேயை நேராக அறுவை அறைக்குக் கொண்டுபோனார்கள். ஒன்றரை மணி நேரம் கழித்து நர்ஸ் வந்தாள்.

"தாய் பொழச்சிட்டா. பையன்தான்... காலையிலயே வந்திருந்தீங்கன்னா..." மேலே சொல்லாமல் நசிலேலேயை மட்டும் உள்ளே கூட்டிப்போனாள்.

லிக்காண்டோ வாசலுக்கு வந்து வண்டியில் சாய்ந்து நின்றார். சேறு வழிகிற வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, ஆஸ்பத்திரி டிரைவர் ஒருவர் பக்கத்தில் வந்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

"இதுலயா அந்தத் தண்ணியத் தாண்டி வந்தீங்க, ஐயா? எப்படி?"

லிக்காண்டோ முதலில் காற்றுக்குழாயைக் காட்டினார். அப்புறம் பானெட்டைத் திறந்தார். குழாய் மூட்டில் எந்த ரப்பர், எத்தனை கிளிப், எங்கே தார் பூசினது என்று, கட்டுப்போட்ட கையால் ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். குரல்கூடத் தேறிவிட்டது. டிரைவர் "அடேயப்பா" என்றார்.

அப்போது பின்னால் யாரோ நிற்பது தெரிந்து திரும்பினார். நசிலேலே. உடைக்கு மேலாக இடுப்பில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துச் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று அவள் கையில் இருந்தது. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

"சொல்லி முடிச்சாச்சா?" என்றாள். "முடிச்சாச்சுன்னா கதவத் திறங்க. பேரன வீட்டுக்குக் கொண்டுபோகணும்."