தோழியாக நின்றவள்

வசந்தமலரும் நானும் ஒஸ்லோவில் ஒரே டிப்போவில் பஸ் ஓட்டியவர்கள். நாங்கள் ஓட்டத் தொடங்கிய காலத்தில், தமிழ்ப் பெண் பஸ் ஓட்டுவதைச் சனம் வாயைப் பிளந்து பார்த்தது. தகப்பன் இல்லாத வீட்டை அவள் சம்பளம் நிமிர்த்தியதும், அதே வாய்கள் "மலர் ஆம்பிளைப் பிள்ளைக்குச் சமன்" என்றன. அவளிடம் கல்யாணப் பேச்சு எடுப்பதையும் விட்டுவிட்டார்கள்.

ஒஸ்லோவின் ஓரத்தில், வெஸ்ட்லியில் இருந்த அவர்கள் வீட்டுக்குச் சுகிர்தா வாடகைக்கு வந்தாள். அறை இல்லாததால் மலரின் அறையிலேயே படுத்தாள். எங்கள் சனத்தின் கண்ணைப் பற்றி என்ன சொல்ல! பெட்டை ஒருத்தி ஸ்டேஷனில் பொடியனோடு நின்றால், அவள் வீடு வருமுன் தகப்பனுக்குப் போன் போய்விடும். இரண்டு பெட்டைகள் ஒரே போர்வைக்குள் வருடக்கணக்காக வாழ்ந்தது ஒருவர் கண்ணிலும் படவில்லை.

பிறகு சுகிர்தாவுக்குக் கனடாவில் மாப்பிள்ளை பார்த்தார்கள். அவள் போய்விடுவாளே என்ற பயத்தில் மலருக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றுதான் சொல்வேன். தன் தம்பி இரவீந்திரனுக்கே அவளைப் பேசினாள். சாதகம் பொருத்தம் பார்க்கத் தானே அலைந்தாள். மச்சாளாக வந்தால் கடைசிவரை ஒரே வீட்டில் இருக்கலாம் என்பது அவள் கணக்கு.

எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் சகோதரிதான் பெண்ணுக்குத் தோழி. தாலி கட்டுமுன் கூறைச்சேலை உடுத்திவிடுவதும் அவள்தான். மண்டபத்தில் மேளம் முழங்க, அறைக் கதவைப் பூட்டிக்கொண்டு சுகிர்தா கேட்டாளாம்:

"இப்பவும் ஒண்டும் கெட்டுப்போகேல்லை. வேண்டாம் எண்டு ஒரு சொல்லுச் சொல்லு. நான் வெளியிலை வரமாட்டன்."

"எங்கையடி போவம்? ஒரே வீட்டிலை இருப்பம். எனக்கு அது காணும்" என்று சொல்லி, மலர் சேலையின் கொய்யகத்தை மடித்து அவள் இடுப்பில் சொருகினாள்.

அது அவளுக்குப் போதவில்லை. தம்பியின் அறைக்கதவு சாத்தும் சத்தத்தைக் கேட்கமாட்டாமல், இரவு பஸ்களாகக் கேட்டு வாங்கி ஓட்டினாள். இதெல்லாம் எனக்கு 2009இல்தான் தெரியவந்தது. பெண்ணும் பெண்ணும் கல்யாணம் கட்டலாம் என்று நோர்வேயில் சட்டம் வந்த வருடம் அது. எங்களோடு ஓட்டிய நோர்வேக்காரி ஒருத்தி தன் காதலியைக் கட்டிக்கொண்டு, டிப்போவுக்குக் கேக் கொண்டுவந்தாள். மலர் ஒரு துண்டை வாங்கிக்கொண்டு கழிவறைக்குள் போனவள், வெளியே வரவில்லை. தேடிப்போன என்னிடம் அங்கேயே நின்று எல்லாவற்றையும் கொட்டினாள். "விசரி, உன்ரை கையாலையே குடுத்தியே" என்று ஏசினேன். எனக்கும் அழுகை வந்தது.

அந்தக் கோடையில் இரவீந்திரன் லண்டனுக்குக் குடிபோக முடிவெடுத்தான். தங்கள் சின்ன மகள் வளர்ந்து இங்கிலிஷில் படிக்கவேண்டுமாம். மலர் முதலில் தாயிடம் கெஞ்சினாள்.

"புருசன் போற இடத்துக்குத்தானே பெண்சாதி போகவேணும்? நீயென்ன மறிக்கிறது?" என்றார் தாய்.

சுகிர்தாவிடம், "நீ போகாதை. இப்ப சட்டமும் இருக்கு. வா, எங்கையாவது போவம்" என்றாள்.

"இடுப்பிலை பிள்ளையோடை நிக்கிறன் மலர். இப்பவோ கேக்கிறாய்?" என்றாள் சுகிர்தா. அவள் கோபித்ததில் பிழையே இல்லை.

விமானநிலையத்துக்கு என் காரிலும் கொஞ்சப்பேரை ஏற்றிப்போனேன். வழியனுப்ப ஊரே வந்திருந்தது. மலர் சுகிர்தாவைக் கட்டிப்பிடித்தவள் விடவில்லை. குரலெடுத்துக் குழறினாள். தம்பி இழுத்துத்தான் பிரித்தான். அவர்கள் உள்ளே போனதும் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள். இனியென்ன, எல்லாம் வெளியில் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மலரின் தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பெருமையோடு என் பக்கம் திரும்பினார்.

"பாத்தியோ பிள்ளை? எந்த வீட்டிலை மச்சாள்மார் இப்பிடி ஒற்றுமையா இருக்கினம்?"

நின்றவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள்.