ஆணியில் தொங்கிய பெல்ட்

இது நடந்தது. கேட்டவர்களில் சிலர் சிரித்தார்கள். ஆனால் றுவைஸின் கராஜில் தார்ப்பாய் மூடிக் கிடக்கும் அந்த நாலு சில்லு வண்டிக்குக் கிட்டப் போய்ச் சிரித்தவர் ஒருவரும் இல்லை.

றுவைஸ் குறிஞ்சாக்கேணியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவன். வாய் கொஞ்சம் நீளம், வேலை சுத்தம். அவனுடைய தங்கை றிஷானாவின் கணவன் முனீப், சேற்றில் ஓடுகிற ஏ.டி.வி. ஒன்றைப் புல்மோட்டையில் பழையதாக வாங்கி வந்தான். நிலாவெளியில் தங்கும் சுற்றுலாக்காரரைக் கூட்டி வந்து கடல்நீர் ஏறும் களப்போரச் சுரிச் சேற்றில் ஓட்டுவது அவனுடைய திட்டம். றிஷானாவுக்கு ஏழு மாதம். பிள்ளை கைக்கு வருமுன் தொழில் சூடுபிடிக்க வேண்டும் என்று மனுசன் ஓரிடத்தில் நிற்காமல் பறந்துகொண்டிருந்தான்.

வண்டியை விற்றவர் ஸஹாப்தீன். சாவியைக் கொடுக்கும்போது அவர் சொன்னது ஒரேயொரு விசயம்.

"பெல்ட்ட மட்டும் கவனமாப் பாத்துக்கங்க தம்பி."

இதைக் கேட்டு றுவைஸ் சிரித்தான். எந்த மெக்கானிக்கும் அதைத்தானே சொல்வான். அந்த வண்டியில் இஞ்சினின் பலம் சில்லுக்குப் போவது ஒரு ரப்பர் பெல்ட் வழியாகத்தான். பெல்ட் இல்லாவிட்டால் இஞ்சின் தொண்டை கிழியக் கத்தலாம், வண்டி ஒரு சாண் நகராது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் வாரமே பெல்ட் பெட்டியிலிருந்து புகை வந்தது. றுவைஸ் பெல்ட்டைக் கழற்றினான். மற்ற இடமெல்லாம் புதுசு. ஓரிடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குக் கருகியிருந்தது. முனீப்பைக் கூப்பிட்டுக் காட்டினான்.

"சுரிக்குள்ள புதைஞ்சு நிக்கக்குள்ள அக்சலேட்டரப் பிடிச்சு முறுக்கியிரிக்காய். சில்லு நிக்கும், இஞ்சின் சுத்தும். ஒரே இடத்தத் தேய்ச்சு எரிச்சிப் போடும்."

"அல்லாஹ்வுக்காகச் சொல்றன் மச்சான். வண்டி ஒரு நாளும் புதையல்ல."

றுவைஸ் நம்பவில்லை. பெல்ட் பெட்டியின் அடியில் தண்ணீர் வடிக்கும் மூடியைத் திறந்தான். தண்ணீரோடு மண் வந்தது. கறுப்பு மண்.

களப்புச் சேறு சாம்பல் நிறம். கறுப்பு மண் புல்மோட்டைக் கடற்கரையில் கிடப்பது. பழைய மண் மிச்சமிருக்கிறது என்று நினைத்து, பெட்டியைத் துடைத்து, புது பெல்ட் போட்டான். அடுத்த கிழமை திறந்தபோது பெல்ட்டில் அதே கருகல் இருந்தது. பெட்டிக்குள் திரும்பவும் கறுப்பு மண்.

றுவைஸுக்கு ஒரு பழக்கம். எந்த வண்டியைத் திருத்தினாலும் சொந்தக்காரனை ஓட்டவிட்டு, தான் பின்னால் ஏறி, அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு, காதைச் சாய்த்துச் சத்தம் கேட்பான். ஒரு வார்த்தை பேசமாட்டான். முனீப்புக்கு அது நன்றாகப் பழகிப்போயிருந்தது; பின்னால் பிடி இருப்பதையே கவனிக்காமல் ஓட்டுவான்.

அன்று வியாழக்கிழமை. பின்னேரம் மழை விட்டிருந்தது. றுவைஸ் பெல்ட்டைக் கழற்றி, சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காயட்டும் என்று ஆணியில் தொங்கவிட்டான். அஸர் பாங்கு கேட்டது. வானம் மறுபடியும் கறுத்தது. பெட்டிக்குள் மழை விழாமலிருக்க மூடியை வைத்து, இரண்டு போல்ட்டை மட்டும் கையால் முடுக்கினான். சாவி வண்டியிலேயே கிடந்தது. தொழப் பள்ளிக்குப் போனான்.

திரும்பி வந்தான்.

பெல்ட் ஆணியில் தொங்கியது. சொட்... சொட்... தண்ணீர் வடிந்தது.

வண்டி இல்லை.

யாரும் தள்ளிக்கொண்டு போயிருப்பார்களோ? நிலத்தைப் பார்த்தான். டயர் ஆழமாகக் கடித்திருந்தது. பின்னால் நெடுக சேறு வாரி எறியப்பட்டிருந்தது. தள்ளிக்கொண்டு போன வண்டி சேறு எறியாது. அவனுக்குப் பயம் பிடித்தது.

போனை எடுத்தான். முனீப் உடனே பேசினான். காற்று இரைந்தது. இஞ்சின் சத்தம்.

"எங்க நிக்காய்?"

"நிக்கல்ல, ஓடுறன். மூடி பூட்டியிருந்திச்சு, வேல முடிஞ்செண்டு எடுத்திட்டன். சும்மா பறக்குது மச்சான்."

றுவைஸின் கை பெல்ட்டைத் தொட்டது. ஈரம். குளிர்.

"முனீப். இறங்கு."

முனீப் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

"மச்சான்..."

"சொல்லு."

"நீங்க எங்க நிண்டு கதைக்கிறீங்க?"

"கராஜில."

இஞ்சின் சத்தம் மட்டும். ட்ர்ர்ர்ர்...

"அப்ப... என்ட இடுப்பப் பிடிச்சிட்டு பின்னால இரிக்கிறது ஆரு?"

றுவைஸ் போனுக்குள் கத்தினான்.

"திரும்பிப் பாக்காத. கீழ பாய்."

போன் செத்தது.

மோட்டார் சைக்கிளில் களப்புக்கு எப்படிப் போய்ச் சேர்ந்தான் என்று அவனுக்கே தெரியாது. றிஷானாவின் முகம்தான் கண்ணுக்குள் நின்றது. டயர்த் தடம் கரையில் வளையவில்லை. நேராகத் தண்ணீருக்குள் போனது.

வண்டியைக் காணவில்லை.

சத்தம் மட்டும் கேட்டது. தண்ணீருக்குள்ளிருந்து.

ட்ர்ர்ர்ர்...

ரப்பர் எரிகிற மணம்.

எந்த ரப்பர்...?

சத்தம் நின்றது.

அப்போதுதான் சுரிக்குள் ஒரு கை தெரிந்தது. முனீப் நெஞ்சளவுக்குப் புதைந்து கிடந்தான். றுவைஸ் குப்புறப் படுத்து, இடுப்புச் சாரத்தை அவிழ்த்து எறிந்து, கத்திக் கத்தி இழுத்தான். மஃரிப் பாங்கு கேட்கும் நேரத்தில்தான் முனீப் கரையில் கிடந்தான். மூச்சு வந்ததும் அவன் சொன்னது இது.

"நான் பாயல்ல மச்சான். தள்ளிட்டாங்க."

மறுநாள் காலையில் டிராக்டர் கட்டி வண்டியை இழுத்தெடுத்தார்கள். றுவைஸ் மூடியைப் பார்த்தான். கையால் முடுக்கிய இரண்டு போல்ட்டும் அப்படியே இருந்தன. கழற்றினான். பெல்ட் இல்லை. பெட்டி நிறைய, இறுக்கி அடைத்த மாதிரி, கறுப்பு மண்.

ஸஹாப்தீனுக்குப் போன் போட்டான். ஸலாம் சொல்லி, தான் யாரென்று சொன்னான். வேறொன்றும் சொல்லவில்லை.

"பெல்ட்டக் கழட்டினீங்களா?" என்று அவர் கேட்டார்.

றுவைஸ் ஓம் என்றான்.

"என்ட தம்பி அர்ஷாக்," என்றார் ஸஹாப்தீன். "எங்கட புல்மோட்டைச் சுரிக்குள்ள பெல்ட் அறுந்து நிண்ட வண்டிய, என்னை மேல இருக்கச் சொல்லிட்டு பின்னால நிண்டு தள்ளினவன். வண்டி என்னோட தானா கரைக்கு ஓடி வந்துச்சு. திரும்பிப் பாத்தன். அவன் இல்ல."

"மையத்து...?"

"இன்னும் கிடைக்கல்ல தம்பி."

றிஷானாவுக்குப் பெண்பிள்ளை. முனீப் இப்போது ஆட்டோ ஓட்டுகிறான். அந்த வண்டியை விற்க றுவைஸுக்கு மனம் வரவில்லை. இன்னொரு வீட்டுக்கு எப்படி அனுப்புவது? புது பெல்ட் ஒன்றைப் போட்டு, எல்லாப் போல்ட்டையும் முடுக்கி, தார்ப்பாயால் மூடிவிட்டான். சாவி அவன் வீட்டு அலுமாரிக்குள் பூட்டிக் கிடக்கிறது. அந்தப் பெல்ட் ஒரு முறையும் ஓடியதில்லை.

போன வியாழக்கிழமை அஸர் தொழுதுவிட்டு வந்தான். கராஜுக்குள் ரப்பர் மணம்.

தார்ப்பாய் விலகவில்லை. போல்ட் இளகவில்லை.

மூடியைக் கழற்றினான்.

பெல்ட்டில் ஓரிடம். உள்ளங்கை அகலம். கருகியிருந்தது.

தொட்டான். சூடு இன்னும் ஆறவில்லை.